அடுப்பு மூலை விரிசல்

அத்தியாயம் 17

டெஸ்ஸியின் ராஜினாமாக் கடிதத்தை அவள் கணவன் ஜோபியே டைப் அடித்துக்கொண்டு வந்திருந்தான்.

ஆபீஸ் பிரிண்டரில் எடுத்த ஒற்றைத் தாள். 'குடும்பச் சூழ்நிலை காரணமாக' என்று தொடங்கி மூன்றே வரி. கீழே, டெஸ்ஸி கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில், பென்சிலால் ஒரு சின்னப் பெருக்கல் குறி.

மூன்று வாரமாக எவ்வளவோ பேச்சுக் கேட்டும் வராத கோபம், அந்தப் பென்சில் குறியைப் பார்த்ததும் டெஸ்ஸிக்கு வந்தது.

"இது எதுக்கு?"

"எங்க போடணும்னு தெரியறதுக்கு."

"ஒன்பது வருஷமா அந்த லேப்ல நான் கையெழுத்துப் போடாம ஒரு பல் செட் வெளிய போனதில்ல. எனக்கு எங்க போடணும்னு நீங்க குறிச்சுக் கொடுக்கணுமா?"

"காலையிலேயே ஆரம்பிக்காத, டெஸ்ஸி. பத்து மணிக்கு சேச்சியும் அளியனும் வர்றாங்க. அவங்க இருக்கும்போதே இதைக் கொடுத்துட்டா அம்மச்சிக்கும் சமாதானமாயிடும். அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம். ஒன்பது வருஷ வேலை, மூன்று வரி, அவ்வளவுதான்.

குறவிலங்காட்டில் காரிக்குன்னேல் வீட்டுப் புதுச் சமையலறையைப் பார்க்காதவர்கள் அந்தச் சர்ச் பங்கிலேயே குறைவு. ஜன்னலில் தொடங்கி ஃபிரிட்ஜ் வரைக்கும் பதினான்கடி நீளத்துக்குப் பால் வெள்ளையில் ஒரே மேடை. சாலிட் சர்ஃபேஸ் என்று அதற்குப் பேர். வருகிறவர்களிடம் டெஸ்ஸியின் மாமியார் ஏலிக்குட்டி அம்மச்சி, "எங்க ஒட்டியிருக்குன்னு கண்டுபிடி பாக்கலாம்" என்பாள். அவர்கள் விரலால் தடவித் தடவிப் பார்த்துத் தோற்றுப் போவார்கள். அம்மச்சி உடனே, "என் மருமகன் போட்டது" என்பாள். மூத்த மகள் ஜோளி ஜோபிக்குச் சேச்சி, அவள் கணவன் தங்கச்சன் அளியன். தங்கச்சனுக்கு டவுனில் சமையலறை அமைத்துத் தரும் கடை இருக்கிறது.

மேடை போட்டு எட்டே மாதம். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் குர்பானா முடிந்து வந்து மேடையைத் துடைத்த அம்மச்சியின் கையில் என்னவோ நெருடியது. மேடைக்குள் பதித்திருந்த அடுப்பின் பின் மூலையிலிருந்து சுவர் வரைக்கும், தலைமுடி கணக்காக ஒரு விரிசல்.

தங்கச்சன் வந்தான். கண்ணாடியைக் கழற்றிவிட்டு அரை நிமிஷம் பார்த்தான். "சூடு. கொதிக்கிற சட்டியை நேரா இறக்கி வச்சிருக்காங்க" என்றான்.

அந்த வீட்டில் காலையில் மீன் சட்டியை இறக்குகிறவள் ஒருத்திதான். பிரிமணை மேல்தான் வைத்தேன் என்று டெஸ்ஸி சொன்னாள். எந்தப் பிரிமணை, எங்கே வைத்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஏழே முக்காலுக்கு ஸ்கூட்டரை எடுக்க ஓடுகிறவள், அந்த அவசரத்தில் வைத்திருப்பாள் என்று முடிவாகிவிட்டது. அன்றைக்கே புதுச் சமையலறை அவளுக்கு இல்லை என்றாகி, பின்பக்க வொர்க் ஏரியாவில் விறகடுப்புப் புகைக்குள் சமைத்தாள். இந்த வாரம் வேலையும் வேண்டாம் என்று வந்து நிற்கிறது.

கடிதத்தை நான்காக மடித்து நைட்டிப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு டெஸ்ஸி பின்பக்கம் போனாள்.

பத்து மணிக்குச் சரியாக கார் வந்தது. தங்கச்சன் முன்னால் இறங்கினான். இடுப்பில் அளவு டேப், கையில் மாதிரிக் கல் அடுக்கிய பெட்டி. பின்னாலேயே ஜோளி, வெளுத்த காட்டன் சேலையில், வாழைப்பழம் பொரிகிற வாசனையை வாசலிலேயே மூக்கால் உறிஞ்சிக்கொண்டு.

"என்னம்மச்சி, பழம்பொரியா?"

"உனக்குத்தான் போட்டேன். தங்கச்சா, வா மோனே, உக்காரு. கொச்சே, காப்பி!"

அந்த வீட்டில் கொச்சு என்றால் டெஸ்ஸிதான். காப்பி கொண்டுவந்தவளை ஜோளி மேலும் கீழும் பார்த்தாள். "எப்படி இருக்கா நம்ம பல்லுக்காரி? இன்னைக்கு எத்தனை கிழவிக்குச் சிரிப்பு கொடுக்கப் போற?"

"நாலு பேருக்கு, சேச்சி. சனிக்கிழமை பன்னெண்டு மணிக்குத்தான் லேப்."

"அதான் இனிமே இல்லையே" என்றாள் அம்மச்சி. "ஜோபி, கொச்சு எழுதிக் கொடுத்தாச்சா?"

ஜோபி பழம்பொரியை வாயில் வைத்துக்கொண்டு தலையை ஒரு மாதிரி ஆட்டினான். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

எல்லோரும் சமையலறைக்கு வந்தார்கள். தங்கச்சன் மாதிரிகளை மேடை மேல் வரிசையாகப் பரப்பினான். சாம்பல், கறுப்பு, பளபளக்கும் வெள்ளை.

"இது குவார்ட்ஸ், அம்மச்சி. அசல் கல்லு. இதுமேல தீயையே வைக்கலாம். ஒண்ணும் ஆகாது."

"இதைப் பத்தியும் நீ அப்படித்தானே சொன்ன?"

"இதுவா?" தங்கச்சன் பழைய மேடையை விரலால் சுண்டினான். "என்ன இருந்தாலும் இது பிளாஸ்டிக்தானே, அம்மச்சி. ஒரு கீறல் விழுந்தாப் போச்சு, மஞ்சள் பட்டாப் போச்சு. விரிஞ்சா மொத்தமாத் தூக்கிப் போட வேண்டியதுதான். பொறுமையா வச்சுக்கறவங்களுக்குத்தான் இது சரிப்படும்."

காப்பித் தட்டை வைத்துவிட்டுத் திரும்பிய டெஸ்ஸி அப்படியே நின்றாள்.

எட்டு மாதம் முன்னால், இதே இடத்தில், இதே ஆள், இதே அம்மச்சியிடம் சொன்னது அவளுக்கு ஒரு வார்த்தை மறக்கவில்லை. கல்லை விடக் கல்லு. அடுப்பிலேர்ந்து அப்படியே இறக்கி வைக்கலாம். அன்றைக்கு விற்பதற்குக் கல். இன்றைக்குத் தூக்கிப் போடுவதற்கு பிளாஸ்டிக்!

"சேட்டா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு, கேளு."

"ரெண்டுல எது பொய்?"

ஜோளியின் கையில் இருந்த பழம்பொரி பாதி வழியில் நின்றது.

"டெஸ்ஸி!" என்றான் ஜோபி.

"கேக்கச் சொன்னாரு, கேட்டேன். இது கல்லும் இல்ல, நீங்க சொல்ற மாதிரி உருப்படாத பிளாஸ்டிக்கும் இல்ல. அக்ரிலிக்கும் தாதுப் பொடியும் கலந்து வார்த்த பலகை. நான் ஒன்பது வருஷமாப் பல் செட் பண்றதும் அக்ரிலிக்லதான். அம்மச்சி, போன மாசம் இங்க சாம்பார்ல மஞ்சக் கறை பிடிச்சு நீங்க அழுதீங்களே, ஞாபகம் இருக்கா? எங்க அது இப்போ?"

அம்மச்சி அந்த இடத்தைப் பார்த்தாள். வெள்ளையாக இருந்தது.

"மாதா கிருபையில போயிடுச்சுன்னு நினைச்சேன்."

"பவுடர் போட்டு ஸ்க்ரப்பர்ல வட்ட வட்டமாத் தேய்ச்சேன். கீறல் விழுந்தா உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாம். மேல எப்படியோ அடி வரைக்கும் அப்படியேதான் இருக்கும். தேய்க்கத் தேய்க்கப் புதுசு வரும். ஆனா சூட்டுக்குப் பயப்படணும், அது உண்மை. அதனாலதான் நான் பிரிமணை இல்லாம வைக்கவே மாட்டேன். அந்தக் குவார்ட்ஸையும் பசை போட்டுத்தான் பிடிச்சு வச்சிருக்காங்க. அதுமேல தீ வச்சா அதுவும்தான் கருகும். இதையாவது அம்மச்சிகிட்ட இப்பவே சொல்லிடுங்க."

தங்கச்சன் சிரித்தான். கடைக்கு வரும் பெண்களிடம் சிரிக்கிற சிரிப்பு.

"ஜோபி, உன் பெண்டாட்டிக்கு எங்க கடையில வேலை போட்டுக் கொடுக்கலாம் போல. கொச்சே, நான் இருபது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். சூடு பட்ட விரிசல் எனக்குத் தெரியாதா?"

"சூடு பட்டா முதல்ல நிறம் மாறும், சேட்டா. வட்டமா ஒரு தழும்பு இருக்கும். இங்க எங்க இருக்கு, காட்டுங்க."

காட்ட ஒன்றுமில்லை. விரிசல் இருந்தது, தழும்பு இல்லை. அடுப்பின் மூலையிலிருந்து கிளம்பிய கோடு நேராகச் சுவருக்குப் போயிருந்தது. டெஸ்ஸி தினமும் பிரிமணை போடும் இடம் அங்கிருந்து ஒரு முழம் தள்ளி.

டெஸ்ஸி குனிந்தாள். கீழ் அலமாரியைத் திறந்தாள். சிலிண்டரின் ரெகுலேட்டரைத் திருகி மூடினாள். ஜோபியின் கருவிப் பெட்டியிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு, நைட்டியை இடுக்கிக்கொண்டு அலமாரிக்குள் தலையை விட்டாள்.

"என்னடி பண்ற?" என்றாள் ஜோளி.

"அடுப்பைத் தூக்கப் போறேன்."

"ஏய், அதையெல்லாம் தொடக் கூடாது!" தங்கச்சனின் குரலில் சிரிப்பு போய்விட்டது. "கேஸ் விஷயம். ஏதாவது ஆனா யாரு பொறுப்பு?"

"இந்த வீட்டுல எது ஆனாலும் நான்தானே பொறுப்பு. இதுக்கும் நானே இருந்துக்கறேன்."

அடுப்பைப் பிடித்திருந்த நாலு கவ்விகளும் ஒவ்வொன்றாகக் கழன்றன. திருகுகள் உருண்டு ஓடாமல் இருக்கப் பாக்கெட்டிலிருந்த தாளை விரித்து அதன் மேல் போட்டாள். 'குடும்பச் சூழ்நிலை காரணமாக' என்ற வரியின் மேல் எண்ணெய்ப் பிசுக்கோடு நாலு திருகாணிகள் கிடந்தன. ஜோபி அதைப் பார்த்தான். குனிந்து எடுக்கவில்லை.

டெஸ்ஸி அடியிலிருந்து தள்ள, அடுப்பு 'ப்ச்' என்று பசையை விட்டுக் கிளம்பியது. எழுந்து வந்து அதை ஒரு பக்கமாகச் சாய்த்து நிறுத்தினாள்.

"அம்மச்சி, இங்க வந்து பாருங்க."

அம்மச்சி மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்தாள்.

பலகையில் அடுப்புக்காக வெட்டிய ஓட்டை. நாலு மூலையும் கத்தியால் கேக் வெட்டியது போலச் சதுரமாக இருந்தன. விளிம்பில் ரம்பத்தின் பல் பதிந்த தடம்கூடத் தேய்க்கப்படவில்லை. அந்தப் பின் மூலையின் கூரான முனையிலிருந்துதான் விரிசல் புறப்பட்டிருந்தது. இன்னொரு மூலையிலும் நகக்கண் அளவு ஒன்று முளைத்திருந்தது.

"மேல் செட்டுல, உதட்டுக்கு உள்ள ஒரு சதை நரம்பு வரும் பாருங்க, அதுக்கு இடம் விட்டு வெட்டணும்" என்றாள் டெஸ்ஸி. மூச்சு வாங்கியது. "முதல் வருஷம் நான் அதைக் கூரா வெட்டுவேன். வெட்டின செட் அத்தனையும் அதே முனையிலேர்ந்து ரெண்டா உடைஞ்சு திரும்பி வந்துச்சு. வளைவா வெட்ட ஆரம்பிச்சேன், ஒண்ணுகூட வரலை. அக்ரிலிக்ல கூர் மூலை ஆகாது. தினம் அடுப்பு சூட்டுக்கு விரிஞ்சு சுருங்கற பலகையில இப்படி வெட்டி வச்சா, சட்டியே வைக்கலைன்னாலும் விரியும். மூலையை வளைக்கணும், விளிம்பைத் தேய்க்கணும், அடியில ஒரு பட்டை கொடுக்கணும், சூடு தாங்க அலுமினிய டேப் ஒட்டணும். இதுல எதையாவது பண்ணியிருக்கீங்களா, சேட்டா? ஒண்ணையாவது?"

தங்கச்சன் குனிந்தே பார்க்கவில்லை.

"வெட்டினது வேலைக்கார அஸ்ஸாம்காரன். அன்னைக்கு நான் எர்ணாகுளத்துல இருந்தேன். அவன் பண்ணின தப்புக்கு…"

"மூணு வாரமா நான் பண்ணின தப்பா இருந்துச்சு. இப்போ அஸ்ஸாம்காரன் பண்ணின தப்பா?"

"அடியில இருக்கறதை எல்லாம் நான் எப்படிப் பாக்க முடியும்?"

"என்னை மட்டும் எப்படிப் பாத்தீங்க? அரை நிமிஷத்துல?"

அம்மச்சி இன்னும் அந்த மூலையைத்தான் தடவிக்கொண்டிருந்தாள். "அப்போ இதைத் தூக்கிப் போட வேண்டாமா?" என்றாள், யாரையும் பார்க்காமல்.

"வேண்டாம். விரிஞ்ச இடத்தை வெட்டி எடுத்துட்டு, இதே பலகையில ஒரு துண்டு வச்சு, இதே நிறப் பசையில ஒட்டித் தேய்க்கலாம். சுத்தமா மறைஞ்சுடும்னு பொய் சொல்ல மாட்டேன். உத்துப் பாத்தாத் தெரியும். இந்த மேடையிலயே ஜன்னல்கிட்ட ஒட்டு இருக்கு, அம்மச்சி. நல்லாத் தேய்ச்சிருக்காங்க, அதான் யாருக்கும் கிடைக்கலை. அடுப்புக்கு வெட்டி எடுத்த நடுப்பலகை எங்க?"

"அதுலதான் பின்னாடி மீன் வெட்டறேன்" என்றாள் அம்மச்சி.

இதுவரை பொறுத்திருந்த ஜோளிக்குப் பொறுக்கவில்லை. கணவன் அவன். அவனை ஒரு பல்லுக்காரி அம்மாவின் முன்னால் நிறுத்திக் கேள்வி கேட்கிறாள்.

"போதும்டி உன் பிரசங்கம். எங்க வீட்டுலயும் இதே பலகைதான். இதே ஆளுங்கதான் போட்டாங்க. மூணு வருஷமாச்சு, ஒரு முடி அளவு விரிஞ்சிருக்கா? வச்சுக்கற கையில இருக்கு எல்லாம்."

"அங்கயும் மூலை சதுரமாத்தான் இருக்கா, சேச்சி?"

"இல்லாம பின்ன? ஒரே கடை, ஒரே வெட்டு."

"பாத்துடலாமா?"

"வா! இப்பவே வா! தூக்கிப் பாரு! அப்புறம் இந்த நாக்கு எங்க போகுதுன்னு நானும் பாக்கறேன்."

"ஜோளி, சும்மா இரு" என்றான் தங்கச்சன். அவசரமாகச் சொன்னான். "வீட்டு அடுப்பை எல்லாம் கழட்ட வேண்டாம். எதுக்கு வீணா? நானே ரெண்டு நாள்ல ஆளை அனுப்பி இதைச் சரி பண்ணிக் கொடுத்துடறேன். குவார்ட்ஸும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். முடிஞ்சுதா?"

இவ்வளவு சீக்கிரம் இறங்கி வருகிற ஆள் இல்லை தங்கச்சன். ஜோளிக்கே அது புதிதாக இருந்தது. அம்மச்சி கண்ணாடியைக் கழற்றி மருமகனைப் பார்த்தாள். பிறகு, ஜன்னலோரம் ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டு நின்ற மகனைப் பார்த்தாள். அடுப்பைத் தூக்கியதிலிருந்து அவன் ஒரு தடவைகூட அந்தப் பக்கம் வரவில்லை.

"போயிட்டு வாங்க, ரெண்டு பேரும்" என்றாள் அம்மச்சி.

பத்து நிமிஷத்தில் உடை மாற்றிக்கொண்டு டெஸ்ஸி ஸ்கூட்டரை எடுத்தாள். ஜோளி, கணவனின் காரில் ஏறாமல், வீம்புக்கு அவள் பின்னால் உட்கார்ந்தாள். பின்னால் கார் இரண்டு தடவை ஹாரன் அடித்தது. ரயில்வே கேட் மூடியிருந்ததில் ஸ்கூட்டர் இடுக்கில் புகுந்து முன்னால் போய்விட, கார் ஒரு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது.

ஜோளியின் சமையலறை சின்னது. ஆனால் அழகு. மேடை மேல் ஒரு கறை கிடையாது.

"பாத்தியா?" என்றாள் ஜோளி. "இதுக்குப் பேருதான் வச்சுக்கறது."

டெஸ்ஸி கீழ் அலமாரியைத் திறந்தாள். ரெகுலேட்டரை மூடினாள். கவ்விகளைக் கழற்றினாள். "சேச்சி, அந்தப் பக்கம் பிடிங்க." இரண்டு பேருமாகச் சேர்ந்து அடுப்பைத் தூக்கினார்கள்.

முதலில் கண்ணில் பட்டது வெள்ளியாக மின்னிய டேப். ஓட்டையின் விளிம்பு முழுக்க, ஒரு சுருக்கம் இல்லாமல் இழுத்து ஒட்டியிருந்தது. நாலு மூலையும் ஒரு ரூபாய் நாணயத்தைச் சுற்றி வரைந்தது போல வளைவு. டெஸ்ஸி அடியில் கையை விட்டுத் தடவினாள். ஒவ்வொரு மூலைக்கும் கீழே தடிமனாக ஒரு பட்டை ஒட்டியிருந்தது.

இதைவிட நன்றாக அந்த வேலையைச் செய்ய முடியாது.

டெஸ்ஸிக்குச் சந்தோஷம் வரவில்லை. தெரியாமல் செய்துவிட்டான், யாரோ வேலைக்காரன் சொதப்பிவிட்டான் என்று ஒரு மூலையில் அவளும் நினைத்துக்கொண்டுதான் வந்தாள். அப்படி இருந்தால் ஒரு மன்னிப்போடு போயிருக்கும். தெரிந்திருக்கிறது! எது செய்தால் விரியாது என்று அங்குலம் அங்குலமாகத் தெரிந்த ஆள், விரிசலைப் பார்த்த அந்த அரை நிமிஷத்தில், தன் ரம்பம்தான் காரணம் என்று தெரிந்துகொண்டே, அவள் பக்கம் விரலை நீட்டியிருக்கிறான்.

அதைச் சேச்சியிடம் சொல்லத் திரும்பினாள். சொல்லத் தேவையிருக்கவில்லை.

ஜோளி அந்த வளைவில் விரலை வைத்துக்கொண்டு நின்றாள். முகம் செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது.

வாசலில் கார் நின்றது. செருப்புகூடக் கழற்றாமல் தங்கச்சன் உள்ளே வந்தான். திறந்து கிடந்த ஓட்டையைப் பார்த்தான்.

"ஜோளி, நான் சொல்றதைக் கேளு."

"இங்க வளைவு. அங்க ஏன் சதுரம்?"

"நம்ம சொந்த வீடுன்னு கொஞ்சம் பாத்துப் பண்ணினேன். அதுல என்ன தப்பு?"

"நம்ம சொந்த வீடு." ஜோளி அதை மெதுவாகத் திரும்பச் சொன்னாள். "அப்போ அது யாரு வீடு?"

"அப்படி இல்ல…"

"நான் பொறந்த வீடு அது! எங்கம்மா உங்களை வாய்க்கு வாய் மோனே மோனேன்னு கூப்பிடற வீடு! அங்க கொஞ்சம் வேலை மிச்சம் பிடிக்கறதுக்கு இப்படி வெட்டுவீங்களா? வெட்டிட்டு, விரிஞ்சதும் அங்க இருக்கற பொண்ணு மேல தூக்கிப் போடுவீங்களா? நானும் கூட நின்னு கைகொட்டினேனே! பல்லுக்காரி, அவசரக்காரின்னு எத்தனை சொன்னேன்! என் வாயால சொல்ல வச்சீங்களே!"

"குரலைக் குறை. அக்கம் பக்கம்…"

"கேக்கட்டும்! இந்தத் தெருவுல மட்டும் நீங்க ஆறு அடுப்படி போட்டிருக்கீங்க. யாரு யாரு வீட்டுல விரிஞ்சிருக்கு, எத்தனை பொம்பளைங்க வாங்கிக் கட்டிக்கிட்டிருக்காங்கன்னு நானே போய்க் கேக்கறேன்."

தங்கச்சன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

ஜோளி போனை எடுத்தாள். எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மச்சி, அடுப்பைத் தூக்கிப் பாத்தோம். இங்க எல்லாம் ஒழுங்கா இருக்கு. வளைவு, டேப், பட்டை, எல்லாம். உங்க வீட்டுக்கு மட்டும்தான் அப்படிப் பண்ணியிருக்காரு. டெஸ்ஸி மேல ஒரு தப்பும் இல்ல, அம்மச்சி. கேக்கறீங்களா?"

மறுமுனையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"கேக்கறேன்" என்றாள் அம்மச்சி. குரல் இறங்கிப் போயிருந்தது. "கொச்சு பக்கத்துல இருக்காளா?"

"இருக்கா."

"இருக்கட்டும். அவளும் கேக்க வேண்டியதுதான். நீங்க போனதுக்கப்புறம் நான் ஜோபியைப் பிடிச்சுக் கேட்டேன். ஏண்டா, எல்லாரும் எட்டிப் பாக்கறோம், நீ மட்டும் ஏன் அந்த ஓட்டை பக்கமே வரலைன்னு. முதல்ல ஒண்ணுமில்லைன்னான். அப்புறம் அழுதுட்டான்."

டெஸ்ஸி கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை மேடை மேல் வைத்தாள்.

"வீடு வெஞ்சரிச்சு ஆசீர்வாதம் பண்ண சர்ச்லேர்ந்து அச்சன் நாலு மணிக்கு வர்றதா இருந்துச்சே, அன்னைக்கு மத்தியானம்தான் வெட்டினாங்களாம். அந்த அஸ்ஸாம்காரப் பையன், மூலையை வளைக்க இன்னும் ரெண்டு மணி நேரம் வேணும்னு கெஞ்சினானாம். தங்கச்சன்தான், அதெல்லாம் வேண்டாம், நேரா வெட்டுன்னு சொன்னானாம். எர்ணாகுளமாவது ஒண்ணாவது! ஜோபி பக்கத்துலயே நின்னுக்கிட்டிருந்தானாம். இப்படி வெட்டினா பின்னாடி விரியும்னு அந்தப் பையன் சொன்னதையும் கேட்டுக்கிட்டுத்தான் நின்னானாம்." அம்மச்சி மூச்சை இழுத்தாள். "அளியனை எதிர்த்து எப்படிச் சொல்றதுன்னு விட்டுட்டானாம்."

ஜோளி போனைக் காதில் வைக்கவும் இல்லை, அணைக்கவும் இல்லை. தங்கச்சன் தரையைப் பார்த்தான்.

மூன்று வாரம். இருபத்தொரு நாள். ஒவ்வொரு நாளும் அவளுக்குப் பக்கத்தில் படுத்து எழுந்த மனுஷன். புகையில் அவள் கண் எரிந்து நின்றபோது, துண்டை நீட்டி, "பொறுத்துக்கோ டெஸ்ஸி" என்றவன். ஆபீஸில் உட்கார்ந்து அந்த மூன்று வரியைத் தப்பில்லாமல் டைப் அடித்தவன்.

டெஸ்ஸி அழவில்லை. சிங்க்கில் கையைக் கழுவினாள். சோப்புப் போட்டு, நகத்துக்கு அடியில் இருந்த பிசுக்கு போகும் வரைக்கும் கழுவினாள். ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

ஜோளி பின்னாலேயே ஓடி வந்தாள். "எடி, எங்க போற?"

"லேபுக்கு. மணி பதினொண்ணே முக்கால்."

"நானும் வீட்டுக்கு வரட்டுமா? அம்மச்சிகிட்ட நான் பேசறேன். நான் உன்கிட்ட…" ஜோளி ஸ்கூட்டரின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்புறம் பேசலாம், சேச்சி. உங்க அடுப்பைத் திரும்ப உக்கார வைக்கும்போது கேஸ் டியூப் மடங்காமப் பாத்துக்குங்க."

அவளுடைய கைப்பைக்குள் போன் அடித்தது. நின்றது. மறுபடியும் அடித்தது. திரையில் யார் பெயர் என்று இரண்டு பேருக்கும் எட்டிப் பார்க்காமலே தெரியும்.

"ஜோபிதான். எடுக்கலையா?"

"அவர்கிட்ட எனக்கு ஒரே ஒரு கேள்விதான் இருக்கு. அதை நான் போன்ல கேக்க மாட்டேன்."

ஸ்கூட்டர் வாசல் கேட்டைத் தாண்டியது. காரிக்குன்னேல் வீட்டுக்கு இடது பக்கம் திரும்ப வேண்டும். டெஸ்ஸி வலது பக்கம் விளக்கைப் போட்டு, லேப் இருக்கும் ஏற்றுமானூர் ரோட்டில் ஏறினாள்.